கோட்டருகே யாரும் இல்லை: விம்பிள்டனில் ஒரு நாள்

லண்டன் மாநகரின் தென்மேற்கில் சவுத்ஃபீல்ட்ஸ் என்று ஒரு சின்ன ரயில் நிலையம். மற்ற நாட்களில் வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஏறி இறங்கும் சாதாரண இடம். ஜூன் கடைசி வாரம் வந்துவிட்டால் அதன் முகமே மாறிவிடும். நடைமேடைக்கு டென்னிஸ் அலங்காரம் வந்துவிடும். ரயில் கதவு திறந்ததும் தொப்பி, குடை, மடக்கு நாற்காலி, சாப்பாட்டுக் கூடை சகிதம் ஒரு கூட்டம் இறங்கும். யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. கூட்டத்தின் பின்னாலேயே கால் மணி நேரம் நடந்தால் போதும், உலகின் மிகப் பழமையான டென்னிஸ் போட்டி நடக்கும் விம்பிள்டன் வந்துவிடும்.

அந்தக் கால் மணி நேரத்துக்கு முன்பே, ரயில் நிலையத்திலேயே ஒரு விஷயம் கண்ணில் படும். டிக்கெட் கவுன்டர் இல்லை. லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் இருந்த டிக்கெட் கவுன்டர்கள் 2015-ஐ ஒட்டி ஒவ்வொன்றாக மூடப்பட்டுவிட்டன. வங்கி அட்டையையோ கைபேசியையோ தட்டினால் கதவு திறக்கிறது. வெளியே வந்து பஸ் ஏறினாலும் அதே கதைதான். 2014 ஜூலை முதல் லண்டன் பஸ்களில் ரொக்கம் வாங்குவதில்லை. சில்லறைக்காக யாரும் யாரிடமும் சண்டை போடுவதில்லை. டிக்கெட் வாங்கும்போது இரண்டு வார்த்தை பேசிக்கொள்வதும் இல்லை.

இந்த ஊரின் டென்னிஸ் மைதானத்திலும் அதே மாற்றம்தான் 2025-ல் நடந்தது.

வரிசையே ஒரு திருவிழா

விம்பிள்டனுக்கு டிக்கெட் கிடைக்க இரண்டு வழி. ஒன்று, முந்தைய ஆண்டே பெயரைப் பதிவு செய்துவிட்டுக் குலுக்கலுக்குக் காத்திருப்பது. அதிர்ஷ்டம் அடித்தால் டிக்கெட் கைபேசிச் செயலியில் வந்து சேரும். இன்னொன்று, போட்டி நாளன்று நேரே போய் வரிசையில் நிற்பது. பெரிய விளையாட்டுப் போட்டிகளில் இப்படி அன்றைக்கே போய் நல்ல இடத்து டிக்கெட் வாங்க முடிவது இன்று அபூர்வம்.

மைதானத்துக்கு எதிரே இருக்கும் விம்பிள்டன் பூங்காவில்தான் அந்த வரிசை. முதல் நாள் மாலையே கூடாரத்தோடு வந்து படுத்துவிடுகிறார்கள். சென்டர் கோர்ட், நம்பர் 1, நம்பர் 2 ஆகிய மூன்று பெரிய ஆடுகளங்களுக்கும் தலா 500 டிக்கெட் வரை வரிசையில் நிற்பவர்களுக்கென்று ஒதுக்கப்படும். கடைசி நான்கு நாட்கள் மட்டும் சென்டர் கோர்ட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. முன்னால் நிற்கும் சில நூறு பேருக்கு அதனால்தான் இரவு முழுக்கப் புல்லில் படுக்கும் பொறுமை. பின்னால் நிற்பவர்களுக்கு மைதானத்துக்குள் நுழையும் பொது டிக்கெட். அதை வைத்துக்கொண்டு சின்ன ஆடுகளங்களில் எதை வேண்டுமானாலும் பார்க்கலாம்.

வரிசையில் சேர்ந்ததும் கையில் எண் போட்ட ஓர் அட்டை தருவார்கள். தேதியும் வரிசை எண்ணும் அதில் இருக்கும். இடையில் புகுந்துவிடும் வேலை நடக்காது. விடியற்காலையில் பணியாளர்கள் வந்து கூடாரங்களைத் தட்டி எழுப்புவார்கள். பல் தேய்க்கும் வரிசை, தேநீர் வரிசை, கூடாரத்தை ஒப்படைக்கும் வரிசை என்று வரிசைக்குள்ளேயே பல வரிசை. பக்கத்துக் கூடாரக்காரர் காலைக்குள் நண்பராகிவிடுவார். எல்லாம் செயலிக்குள் போய்விட்ட காலத்தில், இந்த ஓர் அட்டையும் இந்த ஒரு வரிசையும் இன்னும் மிச்சம் இருக்கின்றன.

ரோலரில் தொடங்கிய கதை

காலை 10 மணிக்கு வாசல் திறக்கும். உள்ளே போனதும் எல்லோரும் சென்டர் கோர்ட்டை நோக்கி ஓடுவார்கள். பொறுமையாக நடப்பவர்களுக்கு வேறொரு பொருள் காத்திருக்கிறது. மட்டக்குதிரையைப் பூட்டி இழுத்த பழைய ரோலர் ஒன்றை இங்கே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். விம்பிள்டன் போட்டியே அந்த ரோலரால்தான் பிறந்தது!

1868-ல் தொடங்கப்பட்டபோது இது குரோக்கே விளையாடும் சங்கம். புல்தரையைச் சமன்படுத்தும் ரோலர் பழுதாகிவிட்டது. சரிசெய்யப் பணம் வேண்டும். அப்போது புதிதாகப் பரவிக்கொண்டிருந்த லான் டென்னிஸில் ஒரு போட்டி வைத்தால் பணம் சேருமே என்று யாருக்கோ தோன்றியது. அப்படித்தான் 1877 ஜூலையில் முதல் போட்டி நடந்தது. மழையால் தள்ளிப்போன இறுதிப் போட்டியை ஆளுக்கு ஒரு ஷில்லிங் கொடுத்துச் சுமார் 200 பேர் பார்த்தார்கள். ஸ்பென்சர் கோர் என்பவர் முதல் சாம்பியன் ஆனார்.

அந்த டென்னிஸே இரண்டு கண்டுபிடிப்புகளின் பிள்ளை. 1830-ல் எட்வின் பட்டிங் என்ற இங்கிலாந்துக்காரர் புல்வெட்டும் இயந்திரத்தை உருவாக்கினார். அதுவரை ஆடுகளும் அரிவாள்களும் பார்த்த வேலை அது. அடுத்து, கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி ரப்பரை உறுதியாக்கும் முறையை 1840-களில் சார்ல்ஸ் குட்இயர் கொண்டுவந்தார். புல்லின் மேல் துள்ளும் பந்து அதற்குப் பிறகுதான் கிடைத்தது. ஒட்ட வெட்டிய புல்லும் துள்ளும் பந்தும் இருந்ததால்தான் 1874-ல் வால்டர் விங்ஃபீல்ட் என்ற ராணுவ அதிகாரி லான் டென்னிஸுக்குக் காப்புரிமை வாங்க முடிந்தது. இன்றும் இங்கே புல்லை மிகச் சரியாக 8 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டுகிறார்கள்.

மைதானத்துக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தில் இந்தக் கதையின் மிச்சத்தைப் பார்க்கலாம். மரத்தால் ஆன மட்டைகள் வரிசையாக இருக்கின்றன. 1981-ல் ஜான் மெக்கன்ரோ மர மட்டையோடு ஆண்கள் பட்டம் வென்றார். அதன்பின் மர மட்டையால் அங்கே யாரும் அந்தப் பட்டத்தை வெல்லவில்லை. பந்தும் முன்பு வெள்ளைதான். தொலைக்காட்சியில் தெளிவாகத் தெரிவதற்காக மஞ்சள் பந்து வந்தது. மற்ற இடங்களெல்லாம் மாறிய பிறகும் பிடிவாதமாக இருந்த விம்பிள்டன், 1986-ல்தான் மஞ்சளுக்கு மாறியது. 1967 ஜூலை முதல் தேதி பி.பி.சி. தன் முதல் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியதும் இந்த மைதானத்திலிருந்துதான்.

ஆகவே, தொழில்நுட்பம் திடீரென்று உள்ளே புகுந்து பழைய விம்பிள்டனைக் கெடுத்துவிட்டது என்று சொல்ல முடியாது. இந்த ஊர் எப்போதும் கொஞ்சம் தயங்கி, மற்றவர்கள் மாறிய பிறகு மாறும். அவ்வளவுதான்.

தமிழகத்துக்கும் ஒரு பங்கு

இந்தப் புல்தரையில் தமிழர்களின் காலடியும் பதிந்திருக்கிறது. 1954-ல் ராமநாதன் கிருஷ்ணன் இங்கே ஜூனியர் பட்டம் வென்றார். அந்தப் பட்டம் ஓர் ஆசியருக்குக் கிடைத்தது அதுவே முதல் முறை. 1960, 1961 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் ஆண்கள் பிரிவில் அரையிறுதி வரை வந்தார். 1961-ல் கால் இறுதியில் ராய் எமர்சனையே வீழ்த்தினார். 1979-ல் அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணனும் அதே ஜூனியர் பட்டத்தை வென்றார். சென்னையின் விஜய் அமிர்தராஜ் 1973, 1981 ஆகிய ஆண்டுகளில் கால் இறுதி வரை போனார். 1981-ல் ஜிம்மி கானர்ஸுக்கு எதிராக முதல் இரண்டு செட்டையும் வென்று, பிறகு ஆட்டத்தைக் கைநழுவ விட்டார்.

கிருஷ்ணன் ஆடிய காலத்தில் சென்னையில் இருந்த ரசிகர்கள் முடிவைத் தெரிந்துகொள்ள வானொலிச் செய்திக்கோ மறுநாள் பத்திரிகைக்கோ காத்திருக்க வேண்டும். பந்து கோட்டில் பட்டதா, தள்ளிப் போனதா என்பதெல்லாம் பத்திரிகையில் வராது. இன்று பஸ்ஸில் நின்றுகொண்டே கைபேசியில் அந்தப் பந்தின் தடத்தை மில்லிமீட்டர் கணக்கில் பார்த்துவிடலாம்.

கையால் பேசியவர்கள்

2024 வரை விம்பிள்டனுக்கு வந்தவர்கள் ஆட்டக்காரர்களுக்கு அடுத்தபடியாக நினைவில் வைத்திருந்தது கோட்டு நடுவர்களைத்தான். லைன் ஜட்ஜ் என்பார்கள். பெரிய ஆடுகளங்களில் ஒரு நேரத்தில் ஒன்பது பேர் வரை நிற்பார்கள். அடர்நீலக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை என்று பளிச்சென்ற சீருடை. சர்வீஸ் போடும் நேரத்தில் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து, தங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட ஒரே ஒரு கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மற்ற 15,000 பேரும் பந்தைப் பார்க்கும்போது, கோட்டைப் பார்ப்பது அவர்கள் வேலை.

அவர்களுக்கென்று ஒரு சைகை மொழி உண்டு. பந்து வெளியே விழுந்தால் உரக்கக் கத்திவிட்டு ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டுவார்கள். உள்ளே விழுந்தால் இரண்டு கைகளையும் தரையை நோக்கித் தாழ்த்திக் காட்டுவார்கள். மூன்றாவதாக இன்னொரு சைகையும் இருந்தது. ஆட்டக்காரர் குறுக்கே வந்துவிட்டதாலோ வேறு காரணத்தாலோ பந்து விழுந்த இடம் தெரியவில்லை என்றால், இரண்டு கைகளையும் கண்ணுக்கு நேரே கொண்டுபோய் மறைத்துக் காட்டுவார்கள். ‘நான் பார்க்கவில்லை’ என்று அர்த்தம். உடனே உயர நாற்காலியில் இருக்கும் அம்பயர் முடிவு சொல்வார்.

இந்த மூன்றாவது சைகையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் மீண்டும் வரும்.

விம்பிள்டனில் சுமார் 300 பேர் இந்த வேலை பார்த்தார்கள். பெரும்பாலோருக்கு இது முழுநேரப் பிழைப்பு அல்ல. ஆசிரியர், அலுவலர் என்று வேறு வேலை பார்த்துக்கொண்டே விடுமுறையை இதற்காகச் சேர்த்து வைப்பவர்கள். உள்ளூர் கிளப் போட்டிகளில் தொடங்கி, பல ஆண்டுகள் நின்று பழகித்தான் இங்கே வர முடியும். உயர நாற்காலியில் அமரும் அம்பயர்களும் கோட்டருகே நின்று கற்றவர்கள்தான். அந்தப் படிக்கட்டின் முதல் படி அது.

ஒற்றைக்கண் அரக்கனும் பருந்துக்கண்ணும்

மனிதக் கண் தவறும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. 1981-ல் முதல் சுற்றிலேயே தன் பந்து கோட்டில் பட்டுச் சுண்ணாம்புத் தூசி பறந்ததாகச் சொல்லி மெக்கன்ரோ அம்பயரிடம் கத்திய கத்தல் இன்றும் பிரபலம்.

அதற்கு முந்தைய ஆண்டே, 1980-ல், சைக்ளாப்ஸ் என்ற கருவியை இங்கே வைத்திருந்தார்கள். கிரேக்கப் புராணத்தின் ஒற்றைக்கண் அரக்கனின் பெயர். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைக் கோட்டருகே பாய்ச்சி, சர்வீஸ் தாண்டி விழுந்தால் ‘பீப்’ என்று சத்தம் போடும். சர்வீஸ் கோட்டை மட்டும்தான் அது பார்க்கும்.

அடுத்து வந்ததுதான் ஹாக்-ஐ. பருந்துக்கண் என்று பொருள். பால் ஹாக்கின்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர் உருவாக்கியது. 2001-ல் முதலில் கிரிக்கெட் ஒளிபரப்பில் அறிமுகமானது. எல்.பி.டபிள்யூ. சந்தேகம் வந்தால் திரையில் பந்து ஸ்டம்பை நோக்கிப் போவதைக் காட்டுகிறார்களே, அதே குடும்பம். ஆடுகளத்தைச் சுற்றி உயரத்தில் பல கேமராக்கள் இருக்கும். ஒவ்வொன்றும் பந்தை வெவ்வேறு கோணத்தில் படம் பிடிக்கும். அவற்றை ஒன்றுசேர்த்து, பந்து எந்த இடத்தில் எவ்வளவு அமுங்கித் தரையைத் தொட்டது என்று கணினி கணக்குப் போடும். பிழை சில மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

2004 அமெரிக்க ஓப்பன் கால் இறுதியில் செரீனா வில்லியம்ஸுக்கு எதிராக அடுத்தடுத்துத் தவறான தீர்ப்புகள் போயின. டி.வி.யில் உலகமே பார்த்தது. இனி பொறுக்க முடியாது என்ற நிலை வந்தது. 2006-ல் அமெரிக்க ஓப்பனிலும், 2007-ல் விம்பிள்டனிலும் ஆட்டக்காரர்கள் ‘சேலஞ்ச்’ கேட்கும் முறை வந்தது. அந்த ஆண்டு இறுதிப் போட்டியில் ரோஜர் ஃபெடரருக்கு அந்தக் கருவி சொன்ன ஒரு தீர்ப்பில் நம்பிக்கை வரவில்லை. அதை அணைத்துவிட முடியாதா என்று அம்பயரிடம் கேட்டார்!

ரசிகர்களுக்கோ சேலஞ்ச் ஒரு கொண்டாட்டமாகிவிட்டது. பெரிய திரையில் பந்து மெல்ல உருண்டு வரும்போது மொத்த அரங்கமும் ஒரே தாளத்தில் கைதட்டும். மனிதர் சொன்னது சரியா, கருவி சொல்வது சரியா என்று சில நொடி பரபரப்பு. மனிதரும் கருவியும் சேர்ந்து நடத்திய காலம் அது.

கொரோனா அதையும் மாற்றியது. ஆடுகளத்தில் ஆட்களைக் குறைக்க வேண்டும் என்பதற்காக 2020 அமெரிக்க ஓப்பனில் இரண்டு பெரிய ஆடுகளங்களைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கருவியே தீர்ப்புச் சொன்னது. விதியைப் பாருங்கள், கோட்டு நடுவர் நின்ற அந்தப் பெரிய ஆடுகளத்தில்தான் நோவாக் ஜோகோவிச் கோபத்தில் அடித்த பந்து ஒரு பெண் நடுவரின் கழுத்தில் பட, அவர் போட்டியிலிருந்தே வெளியேற்றப்பட்டார். 2021-ல் ஆஸ்திரேலிய ஓப்பன் முழுக்கக் கருவிக்கு மாறியது. பாரிஸில் நடக்கும் பிரெஞ்சு ஓப்பன் மட்டும் 2025-லும் மாறவில்லை. அங்கே களிமண் தரையில் பந்து பட்ட தடம் தெரியும். அம்பயர் இறங்கி வந்து பார்ப்பார்.

2024 ஜூலை 14 அன்று சென்டர் கோர்ட்டில் அல்கராஸ், ஜோகோவிச்சை வென்று கோப்பையைத் தூக்கினார். சுற்றிலும் கோட்டு நடுவர்கள் நின்றிருந்தார்கள். அதுதான் அவர்கள் நின்ற கடைசி ஆண்கள் இறுதிப் போட்டி என்பது அக்டோபர் 9 அன்றுதான் உலகத்துக்குத் தெரிந்தது. 147 ஆண்டுப் பழக்கம் முடிந்ததாக அன்று விம்பிள்டன் அறிவித்தது.

கருவி உறங்கிய நிமிடங்கள்

2025-ல் வந்தவர்களுக்குச் சென்டர் கோர்ட் ஏதோ வெறிச்சோடியதுபோல் தெரிந்தது. பின்சுவர் அருகே பந்து பொறுக்கும் பிள்ளைகள் மட்டும் நிற்கிறார்கள். ‘அவுட்’ என்று ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரல் வருகிறது. யாரும் கையை நீட்டுவதில்லை. ஆட்டக்காரர் முறைத்துப் பார்க்கவும் ஆள் இல்லை. குரல் சரியாகக் கேட்கவில்லை என்று சிலர் சொல்ல, சத்தத்தைக் கூட்டினார்கள்.

வேகத்தைப் பார்த்தால் கருவியின் தேவை புரியும். முதல் நாளே பிரான்ஸின் பெட்ஷி பெரிக்கார் மணிக்கு 246 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சர்வீஸ் போட்டார். விம்பிள்டன் வரலாற்றிலேயே அதிவேகம். அதை எதிராளி திருப்பி அடித்துப் பாயின்ட்டையும் பறித்தது வேறு விஷயம்! அந்த வேகத்தில் வரும் பந்து கோட்டுக்கு ஒரு விரற்கடை உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்று எந்தக் கண்ணால் சொல்ல முடியும்?

ஆனால் ஜூலை 6 அன்று சென்டர் கோர்ட்டில் வேறொன்று நடந்தது. ரஷ்யாவின் அனஸ்டாசியா பாவ்லியுசென்கோவாவும் பிரிட்டனின் சோனய் கார்ட்டலும் ஆடிக்கொண்டிருந்தார்கள். முதல் செட்டில் 4-4. கேமை முடிக்க பாவ்லியுசென்கோவாவுக்கு ஒரே பாயின்ட் தேவை. கார்ட்டல் அடித்த பந்து கோட்டைத் தாண்டி விழுந்தது. டி.வி. பார்த்தவர்களுக்கே தெரிந்தது. கருவி மட்டும் பேசவில்லை. பாவ்லியுசென்கோவா ஆட்டத்தை நிறுத்தினார். அம்பயர் தொலைபேசியில் விசாரித்தார். அந்த நேரம் கருவி வேலை செய்யவில்லை என்று தெரியவந்தது. பாயின்ட்டை மீண்டும் ஆட வைத்தார். அதை அவர் இழந்தார், அந்த கேமையும் இழந்தார். தன்னிடமிருந்து ஒரு கேமைத் திருடிவிட்டதாக அம்பயரிடமே பொருமினார். அம்பயரும் பந்து வெளியே என்றுதான் நினைத்தார் என்று போட்டி முடிந்த பிறகு பாவ்லியுசென்கோவா சொன்னார்.

நல்லவேளை, ஆட்டத்தில் 7-6, 6-4 என்று அவரே வென்றார். விசாரித்தபோது, கருவியை இயக்கியவர்கள் ஆடுகளத்தின் ஒரு பகுதியில் அதைத் தவறுதலாக அணைத்துவிட்டது தெரிந்தது. மைதான நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது. ஆட்டம் நடக்கும்போது அதை அணைக்கும் வசதியையே நீக்கிவிட்டதாகச் சொன்னது.

இரண்டு நாள் கழித்து நம்பர் 1 கோர்ட்டில் டெய்லர் ஃபிரிட்ஸும் காரென் கச்சனோவும் ஆடிய கால் இறுதியில், பந்து இருபுறமும் போய்வந்துகொண்டிருக்கும்போதே குரல் ‘ஃபால்ட்’ என்றது. சர்வீஸ் தொடங்கியபோது பந்து பொறுக்கும் பிள்ளை ஒருவர் களத்தைத் தாண்டிக்கொண்டிருந்ததால், புதிய பாயின்ட் தொடங்கியதே கருவிக்குப் புரியவில்லை.

இப்போது அந்த மூன்றாவது சைகைக்கு வருவோம். கோட்டு நடுவர் பார்க்கத் தவறினால் கண்ணை மறைத்துக் காட்டுவார். பார்க்கவில்லை என்பதை வெட்கப்படாமல் 15,000 பேர் முன்னால் ஒப்புக்கொள்வார். அந்தக் கணமே பொறுப்பு அம்பயரிடம் போய்விடும். கருவிக்கு அந்தச் சைகை தெரியாது. பந்து உள்ளே விழுந்தாலும் அது மௌனம்தான். உறங்கிவிட்டாலும் அதே மௌனம்தான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

மனிதர் செய்த தவறுதானே அது, கருவியின் தவறு இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான். கருவிக்குப் பின்னாலும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதைத்தான் அந்தச் சம்பவம் காட்டியது. முன்பு அவர்கள் கோட்டருகே எல்லோர் கண்ணிலும் படும்படி நின்றார்கள். இப்போது திரைகளுக்கு முன்னால், யார் கண்ணிலும் படாத ஓர் அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மைதானத்துக்கு வெளியேயும்

இது டென்னிஸோடு நிற்கும் விஷயமா? லண்டனில் ஒரு நாள் சுற்றினாலே விடை கிடைக்கும். சூப்பர் மார்க்கெட்டில் பொருளை நாமே ஸ்கேன் செய்து நாமே பணம் கட்டுகிறோம். தராசு கணக்கு தப்பாகச் சொன்னால் மேலே சிவப்பு விளக்கு எரியும். அங்குமிங்கும் ஓடும் ஒரே ஓர் ஊழியர் வரும் வரை கையைக் கட்டி நிற்க வேண்டும். தவறு நம் பக்கம் இல்லை என்று விளக்கு எரியும் பெட்டியிடம் சொல்லிப் பயனில்லை.

அதே லண்டனில் வேறு மாதிரி உதாரணமும் உண்டு. விக்டோரியா பாதை என்ற சுரங்க ரயில் 1968-ல் திறக்கப்பட்ட நாளிலிருந்தே தானாக ஓடுகிறது. வேகம் எடுப்பதையும் நிற்பதையும் கருவி பார்த்துக்கொள்ளும். ஆனாலும் முன் அறையில் ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். கதவைக் கவனிப்பார், புறப்படலாம் என்று அனுமதிப்பார், ஏதாவது நடந்தால் பொறுப்பேற்பார். அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கருவியும் மனிதரும் ஒரே அறையில் பயணம் செய்கிறார்கள்.

மைதானத்துக்கு உள்ளேயும் நல்லது நடக்காமல் இல்லை. மாலையில் வீட்டுக்குக் கிளம்புபவர்கள் விட்டுச் செல்லும் பெரிய ஆடுகள டிக்கெட்டைக் குறைந்த விலைக்கு மறுபடி விற்று, அந்தப் பணத்தை அறக்காரியங்களுக்குக் கொடுப்பது இங்கே நெடுநாள் வழக்கம். முன்பு அதற்கும் மேட்டில் ஏறிக் கால்கடுக்க நிற்க வேண்டும. இப்போது செயலியில் பெயர் பதிந்துவிட்டு, புல்லில் உட்கார்ந்து ஸ்ட்ராபெர்ரி சாப்பிட்டுக்கொண்டே காத்திருக்கலாம். 2010 முதல் 2.50 பவுண்டாகவே இருந்த அந்த ஸ்ட்ராபெர்ரிக் கிண்ணம் 2025-ல் 2.70 ஆனதுதான் பலருக்கு வருத்தம்!

உண்மையான பருந்து

கருவியால் முடியாத வேலை ஒன்றும் இங்கே இருக்கிறது. போட்டி நாட்களில் காலையில், கூட்டம் வருவதற்கு முன், சென்டர் கோர்ட்டின் மேல் நிஜமான ஒரு பருந்து வட்டமிடும். ரூஃபஸ் என்று பெயர். புல்லில் விதை பொறுக்க வரும் புறாக்களை விரட்டுவது அதன் வேலை. 2012-ல் யாரோ ரூஃபஸைக் காரோடு வைத்திருந்த இடத்திலிருந்து திருடிப்போக, நாடே தேடியது. சில நாட்களில் பத்திரமாகத் திரும்பி வந்தது. ஹாக்-ஐ கூரையடியில் கண்விழித்திருக்க, அசல் பருந்து இன்னும் வேலையில் இருக்கிறது.

மாலை வெயில் சாயும்போது, ஹென்மன் மேடு என்று எல்லோரும் அழைக்கும் புல்மேட்டில் உட்காரலாம். நம்பர் 1 கோர்ட்டின் வெளிச்சுவரில் பெரிய திரை. டிக்கெட் கிடைக்காதவர்கள், குழந்தைகளைத் தூங்கப் போட்டவர்கள், காலுறையைக் கழற்றிவிட்டுக் கால் நீட்டியவர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் ஒன்றாகப் பார்க்கிறார்கள். அவரவர் கையில் அதே ஆட்டம் ஓடும் கைபேசி இருக்கிறது. ஆனாலும் எல்லோரும் தலைநிமிர்ந்து ஒரே திரையைத்தான் பார்க்கிறார்கள்.

அந்தத் திரையைக் கூர்ந்து கவனித்தால் ஆடுகளத்தின் ஓரத்தில் இரண்டு பேர் தெரிவார்கள். முன்னாள் கோட்டு நடுவர்களில் சுமார் 80 பேரை ‘மேட்ச் அசிஸ்டென்ட்’ என்ற புதிய பெயரில் விம்பிள்டன் வைத்துக்கொண்டிருக்கிறது. ஓர் ஆட்டத்துக்கு இருவர். ஆட்டக்காரர் கழிவறைக்குப் போனால் கூடவே போய் வருவார்கள். அம்பயருக்கு உதவுவார்கள். கருவி முற்றாக நின்றுபோனால் கைகொடுப்பதும் அவர்கள் பொறுப்பு.

பெரும்பாலும் அவர்களுக்கு வேலை இருக்காது. பந்து கோட்டருகே விழுகிறது. குரல் ‘அவுட்’ என்கிறது. கூட்டம் கைதட்டுகிறது. அடுத்த சர்வீஸ். அவர்கள் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள், கருவி உறங்கிவிட்டால் யாராவது பார்த்திருக்க வேண்டுமே என்பதற்காக.